தராசைப் பிடிக்கும் கை

சென்ற மாதத்து ஞாயிறு ஒன்றின் மாலை. மழை விட்டும் மூடுபனி விடாத நேரம். கொட்டகலையில் உள்ள நமது வீட்டுக்கு இருவர் வந்தனர். ஒருத்தி நம்மிடம் இரசாயனம் பயிலும் உயர்தர வகுப்பு மாணவி. மற்றவர் அவளுடைய தாயார். அருகிலுள்ள தோட்டமொன்றிலே பல ஆண்டுகளாகக் கொழுந்து பறிப்பவர். மகள் ஏதோ ஓர் உத்தியோகத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறாள் என்றும், அது பெண்பிள்ளைக்கு ஏற்றதுதானா என்று விசாரித்துப் போக வந்ததாகவும் அந்த அம்மையார் கூறினார்.

மாணவி விரும்பியது தடயவியல் ஆய்வுகூடத்து வேலையை. கொலை நடந்த இடத்துக் கறை இரத்தந்தானா, இறந்தவர் வயிற்றில் நஞ்சு இருந்ததா, பொலிசார் கைப்பற்றிய பொட்டலத்தில் இருப்பது போதைப்பொருளா, வெறும் மாவா என்று ஆராய்ந்து சொல்லும் வேலை அது. அதற்கு யாரை எடுக்கிறார்கள், எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அவள் கேள்வி.

நாமும் அறிந்ததைச் சொன்னோம். நமது நாட்டில் இப்பணியைப் பெரிதும் செய்வது அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம். அது கொழும்பை அடுத்த பத்தரமுல்லை, பெலவத்தையில் இருக்கிறது. நஞ்சு, போதைப்பொருள், வெடிபொருள், துப்பாக்கி ஆகியவற்றோடு கலப்பட உணவையும் மதுபானத்தையுங்கூட அங்கே சோதிக்கிறார்கள். இரசாயனத்திலோ அதனையொத்த விஞ்ஞானத் துறையிலோ நல்ல பட்டம் பெறவேண்டும். பின்பு தேர்வு, நேர்முகப் பரீட்சை, பயிற்சி என்று படிப்படியாக ஏறவேண்டும். பெண்கள் தாராளமாகச் செய்யக்கூடிய வேலைதான் என்றோம்.

மாணவிக்கு முகம் மலர்ந்தது. தாயார் மட்டும் சிறிது யோசித்தபின் ஒரு கேள்வி கேட்டார்.

“சேர், மடுவத்துல கணக்கப்பிள்ளை சொல்றதுதான் கிலோ. நாங்க தராசைப் பார்த்துக்கிட்டு நிக்கிறப்பவே அப்பிடி. இவ கொழும்புல ஒரு ரூமுக்குள்ள இருந்து நிறுத்துச் சொன்னா, அது சரின்னு யாரு பார்க்கிறது?”

நாம் விடை சொல்லத் திணறினோம் என்பதை மறைப்பதற்கில்லை. மகள் கேட்டது, வேலைக்கு எவ்வாறு எடுக்கிறார்கள் என்பது. தாய் கேட்டதோ, எடுத்தபின் அவர்களை எவ்வாறு அளப்பது என்பது. படித்த நாம் எண்ணாத இடத்தைத் தராசின் முன்னே நின்று பழகியவர் எண்ணிவிட்டார். அக்கேள்வியையே இவ்வாரம் வாசகர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

ஒரு சோதனையாளர் எழுதும் இரண்டு வரிக்கு எத்துணை வலிமை உண்டு என்பதை முதலில் உணரவேண்டும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், அரசாங்கப் பகுப்பாய்வாளரின் அறிக்கையை, அவர் நேரில் வந்து சாட்சியம் அளிக்காமலே சான்றாக ஏற்பதற்கு இடமளிக்கிறது. தேவையென்று கண்டால் நீதிமன்றம் அவரை அழைக்கலாம். எனினும் பெரும்பாலும் பேசுவது காகிதமே. கூண்டில் நிற்பவன் ஏழையாயின், அக்காகிதத்தை மறுத்துக் கேட்க அவனுக்கு வழி ஏது? வேறொரு நிபுணரை அமர்த்தப் பொருள் ஏது? ஆகவே அக்காகிதத்தை எழுதும் கையை முன்கூட்டியே சோதித்து வைப்பது அரசின் கடனாகிறது.

நேர்மையான கை எத்துணை நன்மை செய்யும் என்பதற்கு நமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவப் பகுதியில் ஒரு சிறு பெண்குழந்தை கொடூரமாகக் கொல்லப்பட்டாள். நாடே கொதித்தெழுந்தது. பொலிசார் முதலில் ஒரு பாடசாலை மாணவனையும் வேறொரு மனிதரையும் பிடித்தனர். மரபணுச் சோதனை அவர்களுடையது அன்று என்று காட்டவே, விடுவிக்கப்பட்டனர். பின்பு பிடிபட்ட இன்னொருவன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டான் என்று செய்தி வந்தது. ஊரார் ஆறுதல் பெருமூச்சு விட்டனர். மரபணுவோ அவனுக்கும் பொருந்தவில்லை. இறுதியில் அவனுடைய சகோதரனுக்குப் பொருந்தியது. 2016 மார்ச்சில் அச்சகோதரனுக்கு நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது.

வாசகர்கள் ஒரு கணம் அந்த ஆய்வுகூடத்தில் இருந்தவர்களை நினைத்துப் பார்க்கவேண்டும். நாடு முழுவதும் ஒரு விடைக்காகக் காத்திருக்கிறது. கைதியோ தானே செய்ததாகச் சொல்லிவிட்டான். “பொருந்துகிறது” என்று எழுதினால் எல்லோர்க்கும் மகிழ்ச்சி. அந்த வேளையில் “பொருந்தவில்லை” என்று எழுதியவர்களால் ஒரு மாணவன் வீடு திரும்பினான். உண்மையான குற்றவாளி அகப்பட்டான். இத்தகைய வேலைக்கு ஆள் எடுக்கும்போது, பிறர் விரும்பாத விடையையும் எழுதத் துணிவாரா என்பதை அன்றோ முதலிற் பார்க்கவேண்டும்?

இனி இதற்கு நேர்மாறான கதையொன்று. அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்தில், பொஸ்டன் நகரில், போதைப்பொருள்களைச் சோதிக்கும் அரசாங்க ஆய்வுகூடம் ஒன்று இருந்தது. 2003 இல் அங்கே ஆனி டூக்கான் என்னும் பெண்மணி வேலைக்குச் சேர்ந்தார். சுறுசுறுப்புக்கு அவர் பெயர் போனவர். உடன் வேலை செய்தவர்கள் முடிப்பதைப்போலப் பலமடங்கு மாதிரிகளை அவர் ஒருவரே முடித்தார். மேலதிகாரிகள் மகிழ்ந்தனர், குவியும் வேலை குறைந்தது அல்லவா?

உண்மை பிறகு வெளிப்பட்டது. பல பொட்டலங்களை அவர் சோதிக்கவே இல்லை. கண்ணாற் பார்த்து இன்னதென்று எழுதியிருக்கிறார். வேறொருவரின் கையொப்ப எழுத்தைத் தாமே இட்டிருக்கிறார். தமக்கு முதுமாணிப் பட்டம் உண்டென்று சொல்லிவந்தார். அத்தகைய பட்டம் அவருக்கு இல்லை. அவருடைய வேகம் இயற்கைக்கு மாறானது என்று உடன் வேலை செய்தவர்கள் சிலர் முறையிட்டும் இருந்தனர். 2012 இல் அவ்வாய்வுகூடம் மூடப்பட்டது, அவர் கைதானார். 2013 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனை பெற்றார். அவர் கைபட்ட வழக்குகளில் 21,000 க்கு மேற்பட்டவை 2017 இல் தள்ளுபடியாயின. அவற்றில் குற்றமற்றவர் எத்தனை பேர் சிறையிருந்தனர், குற்றவாளிகள் எத்தனை பேர் தப்பினர் என்று இனி யாராற் பிரித்துச் சொல்ல இயலும்?

இக்கதையை மலையகத்து வாசகர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். கிலோவை மட்டும் எண்ணினால் கூடைக்குள் என்ன ஏறும் என்பது நமக்குத் தெரியாததா? குறித்த நிறை சேராவிட்டால் அரைப்பெயர் விழும் என்றால், முற்றிய இலையும் காம்பும் கொழுந்தோடு கலந்து வருவது மனித இயற்கை. தொழிற்சாலையில் தேயிலை கெட்டபின் பறித்தவர்மீது குறை கூறிப் பயனில்லை. கிலோவை மட்டும் கேட்டவரும் பொறுப்பாளியே. பொஸ்டனில் அந்த அம்மையாரின் குற்றம் பெரிது; ஆயினும் ஒன்பது ஆண்டுகளாக அவருடைய எண்ணிக்கையைப் பாராட்டி, அவருடைய சான்றிதழைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதியும் சரிபாராத அதிகாரிகளின் குற்றம் சிறிதன்று.

நேர்மையின்மைதான் ஆபத்து என்று எண்ணவும் வேண்டாம். பயிற்சிக் குறைவும் அதே அளவு தீங்கு செய்யும். டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரப் பொலிஸ் ஆய்வுகூடத்தில், மழைநீர் கூரையால் ஒழுகிச் சான்றுப் பொருள்கள்மீது விழுந்ததாகவும், மரபணுப் பிரிவில் இருந்தோருக்குப் போதிய பயிற்சி இல்லை என்றும் கண்டறிந்து, 2002 இல் அப்பிரிவை மூடினர். அங்கே செய்த சோதனையைக் கொண்டு ஜொசாயா சட்டன் என்ற இளைஞனுக்கு 1999 இல் 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டிருந்தது. மறுபடி சோதித்தபோது மரபணு அவனுடையது அன்று என்று தெரிந்தது. 2003 இல் வெளியே வந்தான். அவன் கைதானபோது வயது பதினாறு. நம் வகுப்பறைகளில் இருக்கும் பிள்ளைகளின் வயது.

சரி, நேர்மையும் உண்டு, பயிற்சியும் உண்டு என்றால் கவலை இல்லையா? அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2004 மார்ச்சில் ஸ்பெயின் நாட்டு மட்ரிட் நகர ரயில்களில் குண்டுகள் வெடித்தன. ஒரு பையில் கிடைத்த விரல்அடையாளம், அமெரிக்கச் சட்டத்தரணி பிரண்டன் மேஃபீல்டினுடையது என்று அந்நாட்டு எப்.பி.ஐ. நிபுணர் ஒருவர் கூறினார். வேறு இருவர் பார்த்து ஆம் என்றனர். நீதிமன்றம் அமர்த்திய சுயேச்சையான நிபுணரும் ஆம் என்றார். ஸ்பானியப் பொலிசாரோ அது அல்ஜீரியர் ஒருவருடையது என்று கண்டுபிடித்தனர். எப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. நால்வரும் தேர்ந்தவர்கள். ஆயின் பின்னால் பார்த்தவர்களுக்கு முதல்வரின் முடிவு தெரிந்திருந்தது. அண்ணன் சொன்னதைத் தம்பி மறுப்பது எளிதன்று.

2006 இல் இங்கிலாந்தில் இற்றியல் டிரோர் என்னும் அறிஞரும் அவர் துணைவரும் இதைச் சோதித்துப் பார்த்தனர். விரல்அடையாள நிபுணர் ஐவரை எடுத்தனர். ஒவ்வொருவரும் பல ஆண்டுகளுக்கு முன் பொருந்துகிறது என்று முடிவு கூறியிருந்த அடையாளங்களையே, அவர்கள் அறியாமல் மீண்டும் அவர்கள் முன் வைத்தனர். அது மேஃபீல்ட் வழக்கில் நிபுணர்கள் பிழைவிட்ட அடையாளம் என்று மட்டும் சொல்லிவைத்தனர். ஐவரில் ஒருவரே தமது பழைய முடிவில் நின்றார். மூவர் பொருந்தவில்லை என்றனர். ஒருவர் முடிவு கூற இயலாது என்றார். அடையாளம் மாறவில்லை, காதில் விழுந்த சொல்லே மாறியிருந்தது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கையில், இத்தகைய ஆய்வுகூடங்களுக்கு ஆட்களைத் தெரிவதும் அவர்களை மதிப்பிடுவதும் எவ்வாறு இருக்கவேண்டும் என்பது ஓரளவு தெளிவாகிறது.

முதலாவது, பட்டம். அது வாசற்கதவைத் திறக்கும் திறப்பு மாத்திரமே. ஆயினும் திறப்பு உண்மையானதா என்று பார்க்கவேண்டும். விண்ணப்பதாரர் நீட்டும் பிரதியை நம்பாமல், வழங்கிய பல்கலைக்கழகத்தையே கேட்கவேண்டும்.

இரண்டாவது, நேர்முகப் பரீட்சையில் வாயை மட்டும் சோதித்தால் போதாது; கையையும் சோதிக்கவேண்டும். மேசைமீது நாலு குப்பிகளை வைத்துச் சோதிக்கச் சொல்லலாம். அவற்றுள் ஒன்றில் எதுவும் இல்லாதிருக்கட்டும். “இதில் ஒன்றும் இல்லை” என்று எழுதுகிறாரா, ஏதேனும் ஒன்றை இட்டுக்கட்டி எழுதுகிறாரா என்பது அப்போது தெரிந்துவிடும். வளவளவென்று பேசும் பத்து விடைகளைவிட அந்த ஒரு விடை அதிகம் சொல்லும்.

மூன்றாவது, எடுத்தபின் கைவிடலாகாது. ஆய்வுகூடங்களுக்கென உள்ள ஐ.எஸ்.ஓ. 17025 என்னும் சர்வதேச நியமம், ஊழியர்களைத் தெரிவது, பயிற்றுவது, மேற்பார்வை செய்வது, இன்ன சோதனையை இன்னார் செய்யலாம் என்று அதிகாரம் அளிப்பது, அத்திறமை நிலைத்திருக்கிறதா என்று தொடர்ந்து கவனிப்பது ஆகிய அனைத்துக்கும் முறை வகுத்து எழுதிவைக்குமாறு கேட்கிறது. ஒருமுறை தேறியவர் என்றும் தேறியவர் என்று அது கொள்வதில்லை.

நான்காவது, அந்தக் கவனிப்பு சோதிக்கப்படுபவருக்குத் தெரியாமல் நடக்கவேண்டும். இன்று பரீட்சை என்று அறிவித்தால் எவரும் ஒழுங்காகவே செய்வர். பாடசாலைக்குக் கல்வி அதிகாரி வரும் நாளில் நமது வகுப்பறைகளும் மிக அழகாகவே இருக்கின்றன! முன்னர் சொன்ன ஹூஸ்டனில் அவமானம் வீண்போகவில்லை. 2014 முதல் அங்கே பொலிசாரின் கையிலிருந்து விடுபட்ட தனி நிலையமொன்று இயங்குகிறது. விடை முன்பே தெரிந்த மாதிரிகளை, உண்மையான வழக்குப் பொருள்களைப்போலவே பொதிந்து, அன்றாட வேலையோடு கலந்து அனுப்பும் வழக்கத்தை 2015 முதல் அது கைக்கொண்டது. எது சோதனை, எது வழக்கு என்று தெரியாதவர் எல்லாவற்றையும் வழக்காகவே கருதிச் செய்வார். அவ்வாறே, இரண்டாவதாகப் பார்ப்பவருக்கு முதலாமவரின் முடிவைச் சொல்லலாகாது; கைதி ஒப்புக்கொண்டானா இல்லையா என்பதும் சோதிப்பவருக்கு வேண்டாத செய்தி.

ஐந்தாவதாக ஒன்று. பிழையை ஒப்புக்கொள்பவரைத் தண்டித்து, மறைப்பவரைப் பதவி உயர்த்தும் இடத்தில் மேற்சொன்ன நான்கும் பயன்படா. பிழை எவ்வாறு நேர்ந்தது என்று கேட்டுத் திருத்தவேண்டும். மறைத்ததற்கே தண்டனை வேண்டும்.

நிற்க. ஊரையெல்லாம் திருத்தப் புகுந்த நாம் நமது பக்கத்தையும் சொல்லவேண்டும்.

நாம் மாணவராயிருந்த காலத்தில், அமிலத்தையும் காரத்தையும் நியமிக்கும் செய்முறையொன்றிலே, நமது அளவி காட்டிய வாசிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. ஒன்று 24.2, இன்னொன்று 25.1. பக்கத்து மேசை நண்பர் விடை 24.8 என்று காதோடு சொன்னார். நாம் 24.8, 24.8, 24.9 என்று மூன்றையும் அழகாக எழுதிவிட்டோம். சிவப்பு மையில் “மிக நன்று” என்று வந்தது. அந்தக் கொப்பியை வீட்டிலே பெருமையோடு காட்டியதும் நினைவிருக்கிறது.

அதைவிட வெட்கமானது வேறு. ஆசிரியரானபின் நாமும் அவ்வாறே புள்ளி இட்டு வந்திருக்கிறோம். நமது குறிப்பேட்டிலுள்ள எண்ணோடு எவர் விடை நெருங்குகிறதோ அவருக்கு அதிகப் புள்ளி. கண்டதைக் கண்டபடி எழுதியவருக்கு அதில் இடம் இல்லை. பொஸ்டன் அதிகாரிகள் எண்ணிக்கையைக் கேட்டனர். நாம் எதிர்பார்த்த எண்ணைக் கேட்டோம். இரண்டுக்கும் அதிக தூரம் இல்லை.

அந்தத் தாயாரின் கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. அடுத்த வாரச் செய்முறையில் ஒவ்வொரு மாணவருக்கும் வெவ்வேறு செறிவுள்ள அமிலத்தைக் கொடுத்தோம். மூன்று போத்தல்களில் மட்டும் வெறும் தண்ணீரை வைத்தோம். தண்ணீராயின், பினோப்தலீன் இட்டு மேலிருந்து காரத்தை விட்டதும் ஓரிரு துளியிலேயே இளஞ்சிவப்பு நிறம் வந்துவிடும். அமிலம் இல்லை என்பது குழந்தைக்கும் தெரியும்.

மூவரில் ஒருவன் “அமிலம் இருப்பதாகத் தெரியவில்லை” என்று எழுதியிருந்தான். மற்ற இருவரும் எண்கள் எழுதியிருந்தனர். அவ்விருவருள் ஒருத்தி, தடயவியல் ஆய்வுகூடத்துக்குப் போக ஆசைப்பட்ட அதே மாணவி. அவள் எழுதியது 22.4.

வகுப்பு முடிந்தபின் தனியே அழைத்துக் கேட்டோம். தலை குனிந்து நின்றாள். “எல்லாருக்கும் இருபதுக்கு மேலே வந்துச்சு, சேர். எனக்கு மட்டும் ஒரு துளியிலேயே நிறம் மாறினதும் நான்தான் ஏதோ பிழை செஞ்சிட்டேன்னு பயந்துட்டேன்” என்றாள். அவள் கண்கள் கண்டது சரி, பயந்தது கை. அந்தப் பயத்தை வளர்த்தவர்களில் நாமும் ஒருவர் என்பதை அவளிடம் சொன்னோம்.

ஆய்வுகூடத்தார் பிழையைத் திருத்தும் முறையையும் சொல்லிக்கொடுத்தோம். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது; எழுதியதை அழிக்கக் கூடாது; பிழையான எண் பின்னரும் வாசிக்கத்தக்கவாறு ஒரேயொரு கோடு இழுத்து, அருகே சரியானதை எழுதி, பெயரின் முதலெழுத்தும் தேதியும் இடவேண்டும். அவள் அங்கேயே நின்று அவ்வாறு செய்தாள். 22.4 இன் குறுக்கே ஒரு கோடு; அருகே, “முதல் துளியில் நிறம் மாறியது. அமிலம் இல்லை.”

சென்ற வாரம் கடைத்தெருவிலே தாயாரைக் கண்டோம். அவர் கேள்விக்கு விடை சொல்லக் கடன்பட்டிருந்தோம். இவள் நிறுப்பது சரிதானா என்று, இவளுக்கே தெரியாமல் வேறொருவர் பார்க்கவேண்டும். அவ்வாறு பார்க்கும் இடமாகத் தேடி இவள் வேலைக்குப் போகவேண்டும் என்றோம். அவர் கூடையைக் கீழே இறக்கிவைத்துச் சிறிது நேரம் எண்ணினார்.

“அப்போ அந்தக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்க சேர், நானும் பார்க்கிறேன்” என்றார்.